தஞ்சைக் கல்வெட்டுக்கு முன்னால் ஒரு கேமரா: வாசகர் கேள்வி – பதில்

கோயில், கோட்டை, பழைய ஊர் இவற்றைப் படமெடுத்துப் பதிவு செய்யும் வேலை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பல கடிதங்கள் ஒரே மனிதரைச் சுற்றியே வந்தன. அவரிலிருந்தே தொடங்குகிறோம்.

மதுரை விளக்குத்தூண், 1858 என்று ஒரு படம் கைப்பேசியில் சுற்றுகிறது. எடுத்தவர் ட்ரைப் என்கிறார்கள். யார் இவர்? (மதுரை வாசகர்)

லின்னேயஸ் ட்ரைப். இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822-இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து, சென்னை 12-ஆம் காலாட்படைப் பிரிவில் அதிகாரியானார். விடுப்பில் ஊருக்குப் போயிருந்த 1850-களின் தொடக்கத்தில் புகைப்படம் கற்றார். 1853-இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினர். திரும்பி வந்ததும் 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அவை பரிசு பெற்றன.

1855-இல் பர்மா மன்னரிடம் போன தூதுக்குழுவோடு அவரை அனுப்பினார்கள். பாகான், அமரபுரம், ரங்கூன் படங்கள் அப்போது எடுத்தவை. அவற்றில் 120-ஐத் தேர்ந்து 50 தொகுப்புகள் அச்சிட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6,000 பிரதிகள், ஒவ்வொன்றும் வெயிலில் தனித்தனியாகக் காட்டி எடுத்தது. 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி, 1858 கோடை வரை தமிழ்நாட்டில் சுற்றினார். மதுரைக்கு மட்டும் 4 தொகுதிகள்; தஞ்சாவூரும் திருவையாறும் சேர்ந்து ஒன்று; ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, ராயக்கோட்டை தனித்தனி. சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் அதே ஆண்டு படமெடுத்தார்.

நீங்கள் பார்த்த படம் மதுரைத் தொகுதியைச் சேர்ந்தது. கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னுக்கு எழுப்பிய நினைவுத் தூண் அது. இன்று நாம் விளக்குத்தூண் என்கிறோம், ட்ரைப் பிளாக்பர்ன் நினைவுச் சின்னம் என்று தலைப்பிட்டார். பழைய படத்தைத் தேடும்போது இந்தப் பெயர் மாற்றத்தை நினைவில் வைக்க வேண்டும். பழைய எழுத்துக்கூட்டலில் தேடாவிட்டால் பாதிப் படங்கள் கண்ணில் படாது.

1859-இல் ஆளுநராக வந்த டிரெவெலியன், செலவு தாங்காது என்று இந்த வேலையை நிறுத்தச் சொன்னார். 1860-இல் எல்லாம் மூடப்பட்டது. ட்ரைப் படைக்கே திரும்பினார். 1902-இல் பிறந்த ஊரிலேயே காலமானார். அவர் முழு மூச்சாகப் படமெடுத்த காலம் ஆறேழு ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் பிலிம் கிடையாது. காகிதத்தில் நெகட்டிவ் எடுத்தார்கள் என்று படித்தேன். நம் ஊர் வெயிலில் அது எப்படி முடிந்தது? (கோவை, காட்சித் தொடர்பியல் மாணவி)

படிப்படியாகச் சொல்கிறோம். இது மெழுகுக் காகித முறை. 1850-களில் பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் நம்பினார்கள். கண்ணாடித் தகடு கனம், உடையும்.

முதலில் மெல்லிய, சீரான காகிதம். ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். காகித ஆலையில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் பின்னால் கரும்புள்ளி விழும். தேறிய தாளில் தேன்மெழுகை உருக்கி ஏற்றி, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே மினுமினுப்பு போகும்வரை சூடான இஸ்திரியால் தேய்க்க வேண்டும். மெழுகு இழைக்குள் இருக்க வேண்டும், மேற்பரப்பில் நிற்கக் கூடாது. நின்றால் அடுத்த கரைசல் அங்கே இறங்காது.

பிறகு பொட்டாசியம் அயோடைடு, புரோமைடு கலந்த கரைசலில் ஊறல். சிலர் இதில் அரிசிக் கஞ்சித் தண்ணீரும் பால் சர்க்கரையும் சேர்த்தார்கள். மெழுகேறிய தாள் மெதுவாகத்தான் குடிக்கும். அடியில் காற்றுக் குமிழி ஒன்று மாட்டினாலும் வட்ட வெள்ளையாக நெகட்டிவில் தெரியும். உலர்ந்த தாளை இருட்டில் வெள்ளி நைட்ரேட், அசெட்டிக் அமிலக் கரைசலில் மிதக்கவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஒற்றி, உலர்த்தினால் கேமராவுக்குத் தயார். சில நாள் தாங்கும். வெயில் ஏற ஏற அந்த நாட்கள் குறையும்.

படம் பதியச் சில நிமிடங்கள் ஆகும். அதனால்தான் ட்ரைப்பின் மதுரைத் தெருக்கள் ஆளே இல்லாதது போல இருக்கின்றன. ஆள் இருந்தார்கள். நடந்ததால் பதியவில்லை, அவ்வளவுதான். அந்தப் படத்தை வைத்து ஊர் வெறிச்சோடிக் கிடந்தது என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறோம், தவறு.

உருத்தெளிய வைப்பது காலிக் அமிலத்தில், பல மணி நேரம், சில சமயம் இரவு முழுக்க. காலிக் அமிலம் அன்று மாசிக்காயிலிருந்து எடுத்த பொருள்; நாட்டு மருந்துக் கடையில் பிள்ளைப்பேற்று மருந்துச் சாமான்களோடு விற்கும் அதே மாசிக்காய். கடைசியில் ஹைப்போ உப்புக் கரைசலில் நிலைநிறுத்தி, கழுவி, மெழுகை மறுபடி சூட்டில் இளக்கினால் தாள் கண்ணாடி போலத் தெளியும்.

இனி எது கெடும் என்று பார்ப்போம். சூட்டில் காலிக் அமிலக் கரைசல் சீக்கிரம் பழுப்பாகிக் கறுக்கும். அப்போது வெள்ளி, படம் பதிந்த இடத்தில் மட்டும் படியாமல் தாள் முழுக்கப் படியும். நெகட்டிவ் மொத்தமும் சாம்பல் பூத்துப் போகும். இரண்டாவது, தண்ணீர். உப்புக் கிணற்று நீர் பட்டால் வெள்ளி நைட்ரேட் உடனே வெள்ளையாகத் திரியும், ஏனென்றால் அந்த நீரில் குளோரைடு இருக்கிறது. கடலோர ஊர்களில் நல்ல தண்ணீர் கிடைப்பதே பெரிய வேலை. மூன்றாவது, வியர்வை. விரல் ரேகை படிந்த இடம் கழுவினாலும் போகாது.

பெரிதாக்கும் வசதி நடைமுறையில் இல்லாததால் பிரதியின் அளவும் நெகட்டிவின் அளவும் ஒன்றே. ட்ரைப்பின் பெரிய படங்கள் சுமார் 14, 15 அங்குல அகலம். அவ்வளவு பெரிய கேமராவை அவர் தூக்கிக்கொண்டு போனார் என்று பொருள். பிரதிகளைத் தங்கக் குளோரைடில் நிறமேற்றினார். இன்றைக்கும் அவை வெளிறாமல் செங்கருநீல நிறத்தோடு இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

ட்ரைப் படங்களில் வரும் மேகங்கள் கையால் வரைந்தவை என்பது உண்மையா?

உண்மை. அன்றைய வெள்ளி அயோடைடு நீல ஒளிக்கும் புற ஊதாவுக்கும் மட்டுமே மசியும். ஆகவே வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரதியில் வெறும் வெள்ளையாக, பல நேரம் திட்டுத்திட்டாக வரும். அதைச் சரி செய்ய நெகட்டிவின் மேலேயே நிறமி தொட்டு மேகம் தீட்டினார். மர இலைகளிலும் புள்ளி வைத்தார். 

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை ஒரே நீளப் படமாக அவர் எடுத்தது எப்படி? இன்று நாங்கள் ஊர்க் கோயிலில் அதுபோலச் செய்ய என்ன வேண்டும்? (கும்பகோணம், வரலாற்று ஆர்வலர்கள் சிலர்)

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழில் கூடுதல் பக்கம் கேட்டு வாங்கினோம்.

விமானத்தின் அதிட்டானத்தை, அதாவது அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை ட்ரைப் 1858-இல் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 பிரதிகளை ஒட்டிச் சேர்த்தார். நீளம் 19 அடிக்கு மேல். கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஸ் இந்தக் கல்வெட்டுகளைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக வெளியிடத் தொடங்கியது 1891-இல். அதற்கு 33 ஆண்டு முன்பே எழுத்து எந்த நிலையில் இருந்தது என்பதற்கு இந்தப் படம் சாட்சி.

ஒரே இடத்தில் நின்று கேமராவைத் திருப்பி எடுத்தால் ஓரத்து எழுத்துகள் குறுகும், வரிகள் வளையும். சுவருக்கு இணையாக, ஒரே தூரத்தில், பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே எடுத்தால்தான் எழுத்து எல்லாம் ஒரே அளவில் வரும். இன்றைய கணக்கு: முழுச்சட்டக் கேமரா (சென்சார் அகலம் 36 மி.மீ.), 50 மி.மீ. லென்ஸ், சுவரிலிருந்து 1.5 மீட்டர். ஒரு படத்தில் சுமார் 1.08 மீட்டர் அகலம் விழும். அடுத்தடுத்த படங்கள் 30 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று வரவேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் 75 செ.மீ. நகர வேண்டும். தரையில் நூல் கட்டி, 75 செ.மீ.க்கு ஒரு சாக்பீஸ் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் மட்டும்தான், கல்வெட்டின் மேல் சாக்பீஸோ மாவோ எண்ணெயோ படவே கூடாது. எழுத்துக்குள் போன சுண்ணம் லேசில் வெளியே வராது, அடுத்து மைப்படி (தாளில் மை ஒற்றி எடுக்கும் படி) எடுக்கிறவருக்கும் பொய்க் கோடு காட்டும்.

ட்ரைபாடில் ரசமட்டம் பார்த்து வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8. அடித்தளத்தின் உருண்டையான குமுதப் படையில் எழுத்து இருந்தால் எஃப் 11. வளைவின் நடுப்பகுதி தெளிவாக இருந்து மேலும் கீழும் மங்கிவிடும் ஆபத்து அங்கே உண்டு. ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டிவிடுங்கள். 2 விநாடி டைமர். ரா ஃபைல். ஒவ்வொரு படத்திலும் 10 செ.மீ. அளவுகோல், எழுத்தை மறைக்காமல், சுவரின் அதே தளத்தில்.

எல்லாவற்றையும் விட முக்கியம் வெளிச்சத்தின் கோணம். வெட்டிய எழுத்தின் பள்ளம் நிழலால் மட்டுமே தெரியும். பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி ‘ப’, ‘ம’ போன்ற எழுத்துகளின் நெடுக்குக் கோடுகளைக் காட்டும்; கிடைக்கோடுகளை விழுங்கிவிடும். மேலிருந்து வழியும் ஒளி கிடைக்கோடுகளைக் காட்டும். ஆகவே ஒரே இடத்தை இரு ஒளியில் இரு முறை எடுங்கள். ஒரு படத்தில் ‘ப’ என்று தோன்றுவது மற்றதில் ‘ம’ ஆகத் தெளிந்த அனுபவம் கல்வெட்டு வாசிப்பவர்கள் எல்லோருக்கும் உண்டு.

சூரியனையே விளக்காக வைக்கலாம். தென்சுவருக்கு மார்கழி காலை நல்லது. சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே சுமார் 24 பாகை ஒதுங்கி எழுவதால் ஒளி சுவரை உரசிக்கொண்டு போகும். தஞ்சையில் திருச்சுற்று மாளிகையின் நிழல் விலகும்வரை பொறுக்க வேண்டும். வடசுவருக்குச் சித்திரை முதல் ஆவணி வரை காலை அல்லது மாலை. மற்ற மாதங்களில் பெரும்பாலும் நேர் வெயில் விழாது. அங்கே சண்டிகேசுவரர் கோயிலின் நிழலும் ஒரு பகுதியை மறைக்கும். மேலிருந்து வரும் ஒளி வேண்டுமென்றால், சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு வரும் சித்திரை முதல் வாரமும் ஆவணி முதல் வாரமும் நண்பகலில் கைகொடுக்கும். வெயில் இல்லாத மூலைக்கு, கேமராவிலிருந்து பிரித்த ஃப்ளாஷைச் சுவரோடு 10 முதல் 20 பாகைச் சாய்வில், ஒரு மீட்டராவது தள்ளிப் பிடிக்க வேண்டும். கிட்டே பிடித்தால் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுக்கும்.

கோயிலுக்குள் கேமரா கொண்டுபோக யாரிடம் கேட்பது?

கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலர் அல்லது இணை ஆணையரிடம் எழுத்தில் கேளுங்கள். தேதி, நேரம், எந்தப் பகுதி, எதற்கு என்று குறிப்பிட்டு. தொல்லியல் துறைச் சின்னம் என்றால் அத்துறை அலுவலகம். கையில் கேமரா வைத்து எடுக்க விடும் இடத்திலும் ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டியிருக்கும். கருவறை எங்கேயும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம்.

ட்ரைப் நின்ற அதே இடத்தில் நின்று இன்றைய படம் எடுக்க ஆசை. இடத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி? (திருப்பரங்குன்றம் வாசகர்)

லென்ஸைப் பற்றி முதலில் கவலைப்படாதீர்கள். இடம் சரியாக இருந்தால் லென்ஸை மாற்றியோ வெட்டியோ சரிசெய்துகொள்ளலாம். இடம் தவறினால் எந்த லென்ஸும் உதவாது.

பழைய படத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அருகே ஒரு பொருள், தூரத்தில் ஒரு பொருள் தேர்ந்தெடுங்கள்: ஒரு தூணும் பின்னால் ஒரு கோபுரக் கலசமும் என்று வையுங்கள். பழைய படத்தில் தூண், கலசத்துக்கு எவ்வளவு இடப்பக்கம் தள்ளி இருக்கிறது? உங்கள் பார்வையில் அதைவிடக் குறைவாகத் தள்ளி இருந்தால் நீங்கள் வலப்பக்கம் நகர வேண்டும். வலப்பக்கம் நகர்ந்தால் அருகில் இருப்பது இடப்பக்கம் விலகும். உயரத்துக்கும் இதே விதி: கேமரா உயர்ந்தால் அருகில் இருப்பது தாழும். முன்னே பின்னே போக, அருகில் உள்ள ஒன்றின் அகலத்தையும் தூரத்தில் உள்ள ஒன்றின் அகலத்தையும் அளந்து விகிதம் பாருங்கள். கிட்டே போகப் போக அருகில் இருப்பது வேகமாகப் பெருக்கும். உங்கள் விகிதம் பழைய படத்தின் விகிதத்தோடு ஒத்துப்போகும் இடமே சரியான தூரம்.

பிறகு நிழல். தூண் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்பதிலிருந்து மணியையும் மாதத்தையும் ஓரளவு பிடிக்கலாம். ட்ரைப் மதுரைப் பக்கம் எடுத்தது 1858-இன் முதல் மாதங்களில் என்பதால் தை, மாசியில் போனால் நிழல் பொருந்தும்.

எங்கே தொடங்கலாம் என்றால் திருமலை நாயக்கர் மகால் என்போம். 1860-களின் பிற்பகுதியில் நேப்பியர் பிரபு ஆளுநராக வந்து பழுது பார்க்கச் சொல்வதற்கு முன்பு அது கிடந்த நிலை ட்ரைப் படங்களில் இருக்கிறது. எந்தச் சுதை பழையது, எது பின்னால் பூசியது என்று இன்றைய பாதுகாப்புப் பொறியாளர்கள் பிரித்தறிய இந்த ஒப்பீடு நேரடியாகப் பயன்படும். முடிக்காமல் விட்ட ராயகோபுரமும் அவர் தொகுப்பில் உண்டு. இன்று கடைகள் நெருக்கி நிற்பதால் அங்கே அவர் பார்வை கிடைப்பது கடினம்.

தாத்தா பாட்டி கல்யாணப் படம் சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்கலாமா? (காரைக்குடி வாசகி)

வேண்டாம், இழுக்காதீர்கள். படத்தின் மேல்தோல் ஜெலட்டின். மழைக்கால ஈரத்தில் அது ஊறிப் பசையாகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பூஜை விளக்குக்கு மேலே மாட்டிய படங்களில் புகைப்படலமும் சேர்ந்திருக்கும், குங்குமம் வைத்த இடத்தில் ஈரம் கண்ணாடி ஓரம் வழியாக இறங்கியிருக்கும்.

செய்ய வேண்டியது: பின்பலகையையும் ஆணியையும் மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தைச் சற்றே நனைத்த பஞ்சால் துடையுங்கள். தண்ணீரைத் தெளிக்கக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே தரையில் படுக்க வைத்து மேலிருந்து படமெடுங்கள். இருபக்கமும் 45 பாகையில் இரு விளக்கு, கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி. துணி இல்லையென்றால் உங்கள் சட்டையே கண்ணாடியில் தெரியும். ஓரிடத்தில் ஒட்டாமல் தனியே நிற்கும் படம் என்றால் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வையுங்கள். பிலிம் நெகட்டிவ் என்றால் குறைந்தது 2400.

பிளாஸ்டிக் உறை ஒட்டும் ஆல்பங்களிலிருந்து படத்தை எடுக்க, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் செருகி மெல்ல ரம்பம்போல இழுக்கலாம். நகராவிட்டால் பக்கத்தோடு வெட்டி வைத்துவிடுங்கள். நெகட்டிவில் காடி வாடை அடித்தால் அதன் அசெட்டேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். அந்துருண்டை வேண்டாம்.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா? பெற்றோருக்கு என்ன சொல்வது? (திருச்சி, இறுதியாண்டு மாணவர்)

மாதச் சம்பளம் வேண்டுமென்றால் தொல்லியல் துறை, அருங்காட்சியகங்கள், ஆய்வு நிறுவனங்களில் சில பணியிடங்கள் உண்டு, எண்ணிக்கை குறைவு. ஒரு லட்சத்துக்கு மேல் கோயில் படங்கள் வைத்திருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போய்ப் பாருங்கள். பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய் எடுத்துச் சேர்த்த களஞ்சியம் அது. ஒரு நல்ல பதிவுக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே கண்ணால் தெரிந்துகொள்ளலாம்.

தனியாகத் தொழில் செய்ய நினைத்தால் அழகான படத்தை மட்டும் நம்ப வேண்டாம். குடமுழுக்குக்கு முன் திருப்பணிக்குப் போகும் கட்டடக் கலைஞருக்கு வேண்டியது அளவு எடுக்கக்கூடிய படம்: சுவருக்கு நேராக, அளவுகோலோடு, 60 சதவீதத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி எடுத்து, கணினியில் இணைத்த முகப்புப் படம். இதைப் பழுதில்லாமல் செய்பவர்களுக்கு வேலை வருகிறது. கூலியைப் படக் கணக்கில் பேசாதீர்கள், நாள் கணக்கில் பேசுங்கள். களத்தில் ஒரு நாள் என்றால் மேசையில் இரண்டு நாள் ஆகும். அதையும் சேர்த்தே சொல்லுங்கள். ட்ரைப்பின் பதவியே நாலு வருடத்தில் போனது என்பதைப் பெற்றோரிடம் மறைக்க வேண்டாம். கல்யாணம், பள்ளி விழா எடுத்து வரும் வருமானத்தில் இந்த வேலையைத் தாங்கி நிற்கும் நல்ல கலைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அதில் குறைவு எதுவும் இல்லை.

படத்தோடு என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

ஊர், வட்டம், மாவட்டம். கட்டடத்தின் எந்தப் பகுதி. கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது. தேதி, மணி. லென்ஸ், தூரம். எடுத்தவர் பெயர். பார்க்க முடியாமல் போன பகுதி எது, ஏன் என்பதையும் எழுதுங்கள். பந்தல் மறைத்தது, பூட்டியிருந்தது என்று ஒரு வரி போதும். ட்ரைப் தம் பர்மாப் படங்களுக்கு எண்ணும் தலைப்பும் கொடுத்து அச்சிட்டதால்தான் இன்று எந்த பகோடா எது என்று ஒட்ட வைக்க முடிகிறது.

கோப்பின் பெயரிலேயே ஊர், தேதி, திசை, வரிசை எண் நான்கும் வரட்டும். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில். வன்வட்டை ஆண்டுக்கு ஒரு முறையாவது இயக்கி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

ட்ரைப் படங்களை எங்கள் ஊர் மலரில் அச்சிடலாமா?

அவர் இறந்து 120 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் அவர் படங்களுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடமும் தங்களிடம் உள்ள பிரதிகளின் பெரிய கோப்புகளை இலவசமாகவே தரவிறக்க விடுகின்றன. வேறு நிறுவனத்தின் ஸ்கேனை எடுத்தால் அவர்கள் நிபந்தனையைப் படித்துவிட்டு அச்சிடுங்கள். படத்தின் கீழே அவர் பெயரும் எடுத்த ஆண்டும், எந்த நிறுவனத்தின் பிரதி என்பதும் போடுங்கள். படத்தின் நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக மாற்ற வேண்டாம், ஓரங்களை வெட்டவும் வேண்டாம்.